புரோநோட்டில் வாங்கிய கடை: நியூ சேலம், 1832–1835

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சங்கமன் ஆற்றங்கரை மேட்டில் இருந்த நியூ சேலம் என்ற சிற்றூரில், 1832இன் பிற்பகுதியில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு பலசரக்குக் கடையை நடத்தத் தொடங்கினார்கள். கைமுதல் அனேகமாக இல்லை. வாங்கியது பெரும்பாலும் கடனில். சில மாதங்களிலேயே கடை தள்ளாடியது, பிறகு கைமாறியது, பிறகு இல்லாமலே போனது. கடன் மட்டும் பதினைந்து ஆண்டுகள் நீண்டது.

அந்த இருவரில் ஒருவர் யாரென்று பலருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். பின்னாளில் அந்நாட்டு அதிபரானவர். நேர்மையான மனிதர் ஒருவர் கூட்டாளியின் கடனையும் சேர்த்து அடைத்த கதையாகவே இது காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லும்போது கணக்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதனால் இங்கே யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கடைக்குள் முதலில் வந்த பாதிரியார் மகன் முதல் கூட்டாளி. அவரோடு பிறகு சேர்ந்தவர், அதாவது பின்னாளில் அதிபரானவர், இரண்டாம் கூட்டாளி.

பின்னணி: ஊரும் பணமும்

நியூ சேலம் 1829இல் ஒரு மாவு ஆலையைச் சுற்றி உருவானது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடமேற்கே சுமார் 20 மைல். உச்சத்தில்கூட இருபது முப்பது குடும்பங்களுக்கு மேல் இல்லை. ஆனால் ஆலைக்கு மாவு அரைக்க வரும் சுற்றுவட்டார விவசாயிகளை நம்பி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கடைகள் நடந்தன.

ஊர் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆறுதான் காரணம். 1832 மார்ச்சில் டாலிஸ்மன் என்ற நீராவிக் கப்பல் சங்கமன் ஆற்றில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில்வரை வந்தது. படகுப் போக்குவரத்து வந்தால் சரக்கு வண்டிக்கூலி குறையும், நியூ சேலம் துறைமுக ஊராகும் என்று பேசிக்கொண்டார்கள். வந்த கப்பல் திரும்புவதற்குள் ஆற்றில் தண்ணீர் வடிந்துவிட்டது. நியூ சேலம் அணையின் ஒரு பகுதியை இடித்துத்தான் கப்பலைக் கடத்த முடிந்தது. திரும்பும் வழியில் அதைப் பியர்ட்ஸ்டவுன்வரை ஓட்டிச்சென்றவர்கள் உள்ளூர்க்காரர்கள் இருவர். ஒருவர் நம் இரண்டாம் கூட்டாளி. மற்றவர், சில மாதங்கள் கழித்து அவருக்கே தன் கடைப் பங்கை விற்றவர். ஆறு கைகொடுக்காது என்பதை இருவரும் ஒரே தளத்தில் நின்று பார்த்தவர்கள்தான். பார்த்த பிறகு ஒருவர் விற்றார், இன்னொருவர் வாங்கினார்.

அடுத்தது ரொக்கம். அந்த வட்டாரத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த வங்கி இல்லை. 1821இல் தொடங்கிய மாநில வங்கி தோற்று முடிந்திருந்தது, புதிய மாநில வங்கிக்கு 1835இல்தான் உரிமம் கிடைத்தது. விவசாயி கைக்கு எப்போதாவது வரும் வெள்ளிக் காசுக்கு ஏற்கெனவே ஒரு வேலை காத்திருந்தது. அரசு நிலத்தை ஏக்கர் 1.25 டாலருக்கு வாங்கலாம், ஆனால் 1820ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே தவணை கிடையாது, முழுத் தொகையும் ரொக்கம். எனவே காசு நில அலுவலகத்துக்குப் போயிற்று, கொஞ்சம் வரிக்குப் போயிற்று. கடைக்காரருக்கு மிச்சம் கிடைத்தது வெண்ணெய், முட்டை, தேன், தேன்மெழுகு, தோல், இறகு, கொழுப்பு, அதோடு அறுப்பு முடிந்ததும் தருகிறேன் என்ற பேச்சு. கொடுத்ததை வாங்க வரிசையில் கடைசியாக நின்றவர் கடைக்காரர்தான்.

இரண்டு வகைக் கடன்

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள, அந்தக் காலக் கடையில் இரண்டு வகைக் கடன் பக்கத்துப் பக்கத்தில் ஓடியதைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வின் மையமே இதுதான் என்பது என் கணிப்பு.

முதலாவது புத்தகக் கடன். வாடிக்கையாளர் ஒரு பவுண்டு காப்பிக்கொட்டையும் ஐந்து கஜம் சீட்டித் துணியும் எடுத்தால் நாள்வழியில் பெயர் போட்டு எழுதுவார்கள், பிறகு பேரேட்டில் அவர் பக்கத்தில் பற்று வைப்பார்கள். அவர் வெண்ணெய் கொண்டுவந்தால் வரவு. ரொக்கம் கண்ணில் படாமலே ஆண்டு முழுவதும் இப்படி ஓடும். ஒரு விவசாயி தன் வயலில் வேலை செய்தவனுக்குக் கூலியாகத் துண்டுச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுப்பார்: என் கணக்கில் இவனுக்கு இவ்வளவுக்குச் சரக்கு கொடுக்கவும். கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் பற்றும் மற்றவர் பக்கத்தில் வரவும் எழுதிவிடுவார், கடன் தீர்ந்துவிடும். வங்கி இல்லாத ஊரில் கடைப் பேரேடே வங்கி. ஆனால் அந்தக் கணக்கை வெளியூரில் யாரும் வாங்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பெயர்களின் யோக்கியதை அந்தக் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது புரோநோட்டு. இத்தனை டாலரை இன்ன தேதியில் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட தாள். இதன் குணம் வேறு. பின்புறம் கையெழுத்திட்டு யாருக்கும் மாற்றிவிடலாம், வாங்கியவர் தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். அறுப்பு பொய்த்தாலும் தேதி நகராது.

நம் கூட்டாளிகள் விற்றது முதல் வகையில், வாங்கியது இரண்டாம் வகையில். வரவேண்டியது ஊருக்குள்ளேயே முடங்கிக் கிடக்க, தரவேண்டியது கால் முளைத்து எங்கு வேண்டுமானாலும் போகக்கூடியதாக இருந்தது.

கொள்முதல்: 1832 இலையுதிர் காலம்

ஊரில் சகோதரர்கள் இருவர் ஒரு கடை நடத்தினார்கள். ஒருவர் தன் பாதியை முதல் கூட்டாளிக்கு விற்றார். மற்றவருக்கு அந்தப் புதுக் கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்வார்கள். அவரும் தன் பாதியை விற்க முன்வந்தார். தன்னார்வலர் படையில் சில மாதம் இருந்துவிட்டு, சட்டமன்றத் தேர்தலில் தோற்று, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற இரண்டாம் கூட்டாளி அதைக் கடனுக்கு வாங்கிக்கொண்டார். முதல் கூட்டாளி அதே படைப்பிரிவில் அவர்கீழ் இருந்தவர்தான். ஒருவரை ஒருவர் தெரியும்.

விற்றவர் ஏன் கடனுக்குக் கொடுத்தார்? ஆளை நம்பினேன் என்று அவர் பின்னாளில் சொன்னதாகப் பதிவு உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ரொக்கம் கொடுத்து வாங்க அந்த ஊரில் யாரும் இல்லை என்பதும் உண்மை. வெளியேற நினைக்கும் கடைக்காரருக்கு அன்று இருந்த ஒரே வழி, தன் சரக்கை இன்னொருவரின் நோட்டாக மாற்றிக்கொள்வது.

இரண்டாம் கூட்டாளிக்குக் கடை புதிதல்ல. முந்தைய ஆண்டு அதே ஊரில் வேறொருவர் கடையில் மாதம் 15 டாலர் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அந்த முதலாளி 1832 வசந்தத்திலேயே தோற்று ஊரைவிட்டுப் போனார். அதாவது இந்த ஊரில் ஒரு கடை எப்படிச் சாகும் என்பதையும் அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

1833 ஜனவரி: ஒரே நாளில் இரண்டு கைமாற்றம்

ஊரில் இன்னொரு கடை இருந்தது. பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த முரட்டு இளைஞர் கூட்டம் ஒன்று இரவில் அங்கே குடிக்க வந்து, கேட்ட அளவு ஊற்றாததால் கடையை அடித்து நொறுக்கியது. மறுநாள் காலையில் வந்து பார்த்த கடைக்காரர், வழியில் போன ஓர் இளைஞருக்கு மிச்சச் சரக்கை 400 டாலருக்குத் தள்ளிவிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கொஞ்சம் ரொக்கம், மீதிக்குப் புரோநோட்டு, நோட்டுக்கு ஈடாக ஒரு மனை அடமானம். அந்த இளைஞருக்காக அடமானப் பத்திரத்தின் வாசகத்தை எழுதித் தந்தவர் இரண்டாம் கூட்டாளி.

அதே நாளில் அந்தச் சரக்கு அப்படியே நம் கூட்டாளிகளிடம் வந்து சேர்ந்தது. விலை: 265 டாலர் ரொக்கம், சேணத்தோடும் கடிவாளத்தோடும் ஒரு குதிரை, அதோடு அந்த இளைஞர் பழைய கடைக்காரருக்குத் தரவேண்டிய நோட்டுக் கடனையும் இவர்களே ஏற்றுக்கொள்வது. இடையில் நின்ற இளைஞர் பொழுது சாய்வதற்குள் லாபத்தோடு விலகிக்கொண்டார். இந்த முழு நிகழ்விலும் லாபம் பார்த்தவர் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஏன் வாங்கினார்கள்? போட்டிக் கடை ஒன்று ஒழிகிறது, சரக்கு மலிவாகத் தெரிகிறது. இரண்டும் புரிந்துகொள்ளக்கூடிய காரணங்கள். ஆனால் அந்த ஒரு நாளில் நடந்ததைக் கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்து பார்த்தால், இருந்த ரொக்கமும் குதிரையும் போய், தேதி போட்ட கடன் ஒன்று கூடியிருக்கிறது. பதிலுக்கு வந்தது, ரொக்கம் இல்லாத அதே வாடிக்கையாளர்களுக்குக் கடனில் விற்க வேண்டிய இன்னும் கொஞ்சம் காப்பி, துணி, பாத்திரம், சாராயம். 400 டாலர் என்பது அன்றைய அரசு நில விலையில் 320 ஏக்கர்.

மது உரிமம்

1833 மார்ச் 6ஆம் தேதி சங்கமன் மாவட்ட ஆணையர் மன்றம் இவர்கள் கடைக்குச் சத்திர உரிமம் கொடுத்தது. கட்டணம் 7 டாலர், அதோடு 300 டாலருக்கு ஜாமீன் பத்திரம். பத்திரத்தில் இரண்டாம் கூட்டாளியின் பெயர் இருக்கிறது, எழுத்து அவருடையதல்ல. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் போட்ட கையெழுத்து மற்றவரையும் கட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தாள் வேண்டியதில்லை.

உரிமத்தோடு மன்றம் விலைப்பட்டியலையும் நிர்ணயித்தது. அரை பைன்ட் பிரெஞ்சு பிராந்தி 25 சென்ட், ரம் 18¾, விஸ்கி 12½. ஒருவேளைச் சாப்பாடு 25, ராத்தங்கல் 12½, கோச்சு வண்டிப் பயணிகளுக்குச் சாப்பாடு 37½. முக்கால் சென்டும் அரை சென்டும் எங்கிருந்து வந்தன? புழக்கத்தில் இருந்த வெள்ளி பெரும்பாலும் ஸ்பானிய டாலர். அதன் எட்டில் ஒரு பங்கு ஒரு ரியால், அதாவது 12½ சென்ட். விஸ்கி ஒரு ரியால், ரம் ஒன்றரை ரியால், பிராந்தி இரண்டு, கோச்சுச் சாப்பாடு மூன்று. கணக்கு சென்டில் எழுதப்பட்டது, கை மாறியது வேற்று நாட்டுக் காசு. 1857வரை அந்தக் காசு அமெரிக்காவில் செல்லுபடியானது.

உரிமம் எதற்கு என்பது ஊகிக்க முடிந்ததே. மொத்தமாகச் சாராயம் விற்க எந்தக் கடைக்கும் தடையில்லை. கோப்பையில் ஊற்றிக் கொடுக்கத்தான் உரிமம் வேண்டும். கோப்பையில் குடிப்பவர், அதிலும் வழிப்போக்கர், பெரும்பாலும் அங்கேயே காசு வைத்துவிட்டுப் போவார். தேதி நெருங்கும் நோட்டுக்கு அந்தச் சில்லறை தேவைப்பட்டிருக்கும்.

முதல் கூட்டாளி பீப்பாயைக் காலி செய்தார், இரண்டாமவர் புத்தகம் படித்துக்கொண்டே படுத்திருந்தார், அதனால் கடை அழிந்தது என்பது பிரபலமான விளக்கம். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னவை இவை. உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், இருவரும் விடிய விடிய உழைத்திருந்தால் நோட்டு அடைந்திருக்குமா என்பதே கேள்வி. அடைந்திருக்காது என்று நினைக்கிறேன். வசூலுக்கு ரொக்கமில்லாத ஊரில் சுறுசுறுப்பாக விற்பது என்றால், பேரேட்டில் பாக்கி சுறுசுறுப்பாக ஏறும் என்றுதான் அர்த்தம். 1860இல் எழுதிய சுயகுறிப்பில் இரண்டாம் கூட்டாளியே, தன்னைப் போலவே ஏழையான இன்னொருவரோடு பழைய சரக்கைக் கடனுக்கு வாங்கியதாகவும், கடன் மேலும் மேலும் ஆழமானதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்கிறார். குடியையோ புத்தகத்தையோ அவர் குறை சொல்லவில்லை.

கடை முடிந்த விதம்

1833 மே மாதம் இரண்டாம் கூட்டாளி ஊர்த் தபால் அதிகாரியானார். சொற்ப வருமானம். இலையுதிர் காலத்தில் மாவட்ட நில அளவையாளருக்கு உதவியாளரானார். குதிரை, காம்பஸ், சங்கிலி எல்லாம் இதற்காகச் சேர்த்தவை. கடையைவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார் என்று தெரிகிறது.

கடை பின்னர் இன்னொரு சகோதரர் ஜோடிக்கு விற்கப்பட்டது. மறுபடியும் நோட்டுக்குத்தான். அந்த நோட்டின் தேதி வருவதற்குள் சகோதரர்கள் இரவோடிரவாகக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சரக்கைக் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1835 ஜனவரியில் முதல் கூட்டாளி இறந்தார், இருபதுகளின் நடுவயதில். அவர் விட்டுச்சென்ற சொத்தில் கடனுக்குத் தேறியது மிகக் குறைவு.

மொத்தச் சுமை சுமார் 1,100 டாலர் என்று கணக்கிடுகிறார்கள். பழைய குமாஸ்தாச் சம்பளத்தில் ஒரு சென்ட் செலவழிக்காமல் ஆறு ஆண்டு. நண்பர்களிடம் அதைத் ‘தேசியக் கடன்’ என்று கேலியாகச் சொல்வாராம்.

தீர்ப்பும் ஏலமும்

அந்த ஜனவரி நோட்டு இதற்குள் பழைய கடைக்காரர் கையிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர் ஒருவரிடம் போயிருந்தது. நியூ சேலத்துக்காரராக இருந்தால் அறுப்புவரை பொறுத்திருக்கலாம், வேலையாகவோ பண்டமாகவோ வாங்கிக்கொண்டிருக்கலாம். நோட்டை வாங்கி வைத்திருந்தவருக்கு அந்த உறவு எதுவும் இல்லை. அவர் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினார். குதிரை, சேணம், கடிவாளம், அளவைக் கருவிகள் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. சம்பாதிக்க இருந்த ஒரே தொழிலின் கருவிகள் அவை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாய நண்பர் 120 டாலருக்கு ஏலம் எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். நோட்டுக்காக எடுத்த நடவடிக்கையின் அடியை, ஆளைத் தெரிந்து கொடுக்கும் பழைய முறைக் கடன் வந்து தாங்கியது. அந்த நண்பருக்கும் பின்னர் பணம் திரும்பப் போனது.

கூட்டாளியின் பாதியையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார் என்ற புகழுரையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டு வியாபாரக் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஒருவர் இறந்தால் மற்றவர் தலையில் மொத்தமும் விழும். சட்டம் கேட்டதைத்தான் அவர் ஏற்றார். அவர் கையில் உண்மையில் இருந்த தேர்வு வேறு: சகோதரர்கள் செய்ததைப் போல மேற்கே இன்னொரு பிரதேசத்துக்குப் போய்விடலாம், பின்தொடர்ந்து வந்து வசூலிப்பவர் அரிது. அவர் போகவில்லை. திவால் சட்டமும் அப்போது இல்லை. 1803இல் நீக்கப்பட்ட கூட்டரசுச் சட்டத்துக்குப் பிறகு அடுத்தது 1841இல்தான் வந்தது. அது வந்தபோது அவர் வழக்கறிஞர். மற்றவர்களுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் மனு எழுதிக் கொடுத்தார், தமக்கு எழுதிக்கொள்ளவில்லை. 1847க்குப் பிறகு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தபோதுகூடச் சம்பளத்திலிருந்து இந்தக் கடனுக்குப் பணம் அனுப்பினார் என்று அவருடைய பிற்கால வழக்கறிஞர் கூட்டாளி எழுதியிருக்கிறார்.

அதே ஊரில் தப்பித்த கடை

ஊர் சிறிது, ரொக்கம் இல்லை என்பதே முழுக் காரணம் என்றால் எல்லாக் கடையும் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. 1829 முதல் அங்கே கடை வைத்திருந்த இன்னொரு வியாபாரி ஊரிலேயே வசதியானவர் ஆனார். அவர் கூட்டாளி ஒருவர் சம்பாதித்ததை நிலத்தில் போட்டார். இந்த வியாபாரி 1835இல் மாடு பூட்டி ஓடும் கம்பளிச் சிக்கெடுக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார். கூலியைக் கம்பளியாகவே பிடித்துக்கொள்ளும் தொழில் அது. ரொக்கம் இல்லாத விவசாயியிடம் வண்டி ஏற்றி விற்கக்கூடிய பண்டம் ஒன்றை அது வாங்கித் தந்தது. ஊர் தேயத் தொடங்கியதும் பக்கத்துப் பீட்டர்ஸ்பர்க்குக்கு இடம் மாறிக்கொண்டார். தபால் நிலையம் 1836இலேயே அங்கே போய்விட்டது, 1839இல் பீட்டர்ஸ்பர்க் புதிய மாவட்டத் தலைநகரானது. 1840வாக்கில் நியூ சேலம் காலி.

எதை மாற்றியிருக்கலாம்

முதல் கொள்முதலை நான் குறை சொல்ல மாட்டேன். கடனுக்கு வாங்கினாலும், விற்றவர் அதே ஊர்க்காரர், தெரிந்தவர். மாற்ற வேண்டியது ஜனவரிக் கொள்முதல். மலிவுச் சரக்கு என்ற கணக்கைவிட, கையிலிருக்கும் பேரேட்டில் அடுத்த அறுப்புக்குள் பண்டமாகவோ காசாகவோ எவ்வளவு திரும்பும் என்ற கணக்கை முதலில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால், அந்த 265 டாலரைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். நொறுங்கிய கடையின் சரக்கில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கவும் பேரம் இருந்தது. மிச்சத்துக்கு அந்த ஊரில் வேறு வாங்குபவர் வரிசையில் நிற்கவில்லை.

கூட்டுப் பத்திரத்தில், இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்த நோட்டும் உரிமமும் கடையைக் கட்டாது என்று எழுதி, ஊரில் சரக்குக் கொடுப்பவர்களுக்குச் சொல்லியும் வைத்திருக்கலாம். சட்டப்படி முழுப் பாதுகாப்பு இல்லாவிட்டாலும், கொடுப்பவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

கடைசி விற்பனையில் குறை இன்னும் வெளிப்படை. 7 டாலர் உரிமத்துக்கு மாவட்டம் 300 டாலர் ஜாமீன் கேட்டது, ஊரில் சொத்துள்ள ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். கடை முழுவதையும் ஒப்படைத்தபோது, ஓடிப்போன சகோதரர்களுக்குப் பதிலாகப் பிடித்துக் கேட்க அப்படி ஒருவர் இந்தப் பதிவுகள் எதிலும் வரவில்லை. ஒரு ஜாமீன்தாரரைக் கேட்டு, கிடைக்கவில்லையென்றால் சரக்கைத் தாங்களே தள்ளுபடியில் பண்டத்துக்கு விற்று முடித்திருந்தால், குதிரையும் காம்பஸும் ஏலத்துக்கு வரும் அளவுக்குப் போயிருக்காது.